வாசல் சூடு

மைனஸ் பதினெட்டு டிகிரியில் வேர்த்து விறுவிறுத்து நின்ற ஒரே ஆள் நான்தான்.

மீனும் பட்டாணியும் ஐஸ்கிரீமும் கூரை வரை அடுக்கியிருக்கும் உறைகுளிர் அறை அது. உள்ளே நுழைந்தால் மூக்கு முடி ஊசியாகக் குத்தும். கொஞ்ச நேரம் வாயைத் திறந்து பேசினால் தாடை மரத்துப் போகும் என்பதால் எங்கள் கிடங்கில் யாரும் உள்ளே வம்பளப்பதில்லை. வம்பெல்லாம் வாசலோடு சரி. அன்றைக்கு மீன் பெட்டிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். திடீரென்று நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்தைப் பிடித்து, காது வரை ஏறியது. நெற்றியெல்லாம் வேர்வை. அங்கியின் ஜிப்பை இழுத்துவிட்டேன். போதவில்லை. அங்கியையே கழற்றி ஒரு பெட்டி மேல் வீசிவிட்டு வெறும் சட்டையோடு நின்றேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அக்கா தூக்கிய பெட்டிகளை அந்தரத்திலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன மேடம், பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா? ஜாக்கெட்டப் போடுங்க!"

"வேர்க்குதுக்கா."

"இங்கயா?"

எங்கள் வேலையில் சூடு என்பது புதிதில்லை. உறைகுளிர் அறையிலிருந்து வெளியே வந்ததும் உடம்பெல்லாம் தீப்பிடித்ததுபோல் இருக்கும், முகம் சிவந்துவிடும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் வாசல் சூடு. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் காய்ச்சல் என்று பயந்து லீவு கேட்பார்கள். அவர்களை நான்தான் கிண்டல் செய்து திருப்பி அனுப்புவேன். சில மாதங்களாக எனக்கு அந்தச் சூடு அடிக்கடி வந்துகொண்டிருந்தது. வீட்டிலும் வந்தது, தூக்கத்திலும் வந்தது. கிடங்கில் இத்தனை வருஷம் வேலை பார்த்தால் வாசல் சூடு வீடு வரை கூடவே வராதா என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேறு வேலையில் இருப்பவளாக இருந்தால் முதல் வாரமே டாக்டரிடம் ஓடியிருப்பாள்.

இப்போது அந்தச் சூடு அறைக்கு நட்டநடுவில் வந்து நிற்கிறது. வாசலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அக்கா வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு சிரிப்பு வந்தது.

"மேடம், மாத்திரைய நிறுத்திட்டேன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"தேதி தள்ளிப்போச்சா?"

"ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் என்ன! உள்ள ரெண்டு பேரு இருந்தா சூடா இல்லாம எப்படி இருக்கும்?"

அவளுக்கு வாயில் எதுவும் தங்காது. மதியத்திற்குள் கிடங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஐஸ்பெட்டி என்று முதுகுக்குப் பின்னால் எனக்குப் பட்டம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அன்று என் கையிலிருந்து பெட்டிகளைப் பிடுங்கி வாங்கினார்கள். ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நானும் உட்கார்ந்தேன். அதுவரை என்னை யாரும் உட்கார வைத்ததில்லை. அது அவ்வளவு நன்றாக இருந்தது. அந்த ஒரு மதியம் நானும் நம்பினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் பரிசோதனைப் பட்டை வாங்கினேன். குளியலறையில் ஒற்றைக் கோடுதான் வந்தது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். இன்னொரு கோடு இல்லை. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

எனக்குக் குழந்தை வேண்டும். அதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை. கல்யாணமான புதிதிலேயே வேண்டும் என்றுதான் இருந்தது. வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் ஒருநாளும் சொன்னதில்லை. அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் உங்கள் கையில், ஆனால் வண்டி நிற்பது அவர் காலில். இத்தனை வருஷம் அந்த பிரேக்கை மிதித்தே அவர் கால் பழகிவிட்டது. நான் எங்கள் சொந்தக் காரை ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் தரையை மிதிப்பார். டிவியில் எவனாவது வண்டியை வேகமாக விரட்டினாலும் சோபாவில் உட்கார்ந்தபடியே மிதிப்பார். பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். என் வாழ்க்கைக்கும் அதேதான் நடக்கிறது என்று உறைக்க எனக்கு இத்தனை காலம் ஆனது.

முதலில், தங்கச்சி நர்சிங் படிப்பு முடியட்டும் என்றார். முடிந்தது. தங்கச்சி கல்யாணம் ஆகட்டும் என்றார். ஆனது. அப்புறம் சொந்தமாக டிரைவிங் ஸ்கூல், அப்புறம் இரண்டாவது கார், அப்புறம் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்த சந்தோஷத்தைக் கொஞ்ச நாள் அனுபவிக்கலாம் என்று ஒரு காரணம். அவர் ஒவ்வொரு காரணமாக எடுத்துவைக்க, நான் ஒவ்வொரு மாத்திரையாக முழுங்கினேன். முழுங்கியது நான் மட்டும்தான்.

கருத்தடை மாத்திரை போட்ட காலத்தில் என் உடம்பு ஒருநாள் முன்னே பின்னே போனதில்லை. அட்டையில் கடைசி வரிசைக்கு வந்ததும் சொல்லி வைத்ததுபோல் வந்துவிடும். வலி இல்லை, அதிகமாகப் போகாது, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். கிடங்கில் மற்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அவருக்கு என்னைவிடப் பெருமை. "உன் உடம்பு கடிகாரம் மாதிரி. உனக்கென்ன அவசரம்? எப்ப நினைச்சாலும் நடக்கும்," என்பார். மாதாமாதம் அந்த ரத்தத்தைப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, குழந்தை எங்கேயும் ஓடிப்போகாது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

கடைசியில் ஒருநாள், சாப்பிட்டுக் கை கழுவும்போது அவராகவே சொன்னார்: "சரி, நிறுத்திடு." ஏதோ விளக்கை அணைக்கச் சொல்வதுபோல். பாதி அட்டையைக் குப்பையில் போட்டபோது என் வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது.

முதல் மாதம் தாமதமாகக் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அடுத்து ஒன்றும் இல்லை. அதற்கடுத்து வந்தது பாருங்கள், அணை உடைந்ததுபோல் வந்தது. லாரி வாசலில் நிற்கிறது, சரக்கு இறங்குகிறது, எனக்கோ மேலே அங்கி, கீழே பஞ்சு வைத்த கால்சட்டை, அதற்குள் இன்னொன்று. கழிவறையில் ஒவ்வொன்றாக உரிப்பதற்குள் எல்லாம் நனைந்துவிட்டது. லாரி டிரைவர் வெளியே ஹாரன் அடிக்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு, அக்காவின் மாற்று உடையை வாங்கிப் போட்டுக்கொண்டு போய்ச் சரக்கை இறக்கினேன். அதற்குப் பிறகு சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் வந்து நின்றது. அப்புறம் அந்தப் பக்கமே காணோம்.

நாத்தனாரிடம் கேட்டேன். அவள்தான் வீட்டுக்கு நர்ஸ் ஆயிற்றே. அப்போது அவளுக்கே மாதம் நிறைந்திருந்தது. பேசும்போது மூச்சு வாங்கியது.

"இதெல்லாம் சகஜம் அண்ணி. இத்தனை வருஷம் மாத்திரை போட்டிருக்கீங்க, உடம்பு பழைய நிலைக்கு வர வேண்டாமா? ஒரு வருஷம்கூட ஆகும். சும்மா கவலைப்பட்டா இன்னும் தள்ளித்தான் போகும்."

"டாக்டரப் பாக்கட்டுமா?"

"எதுக்கு அண்ணி? அவங்களும் இதையேதான் சொல்லப்போறாங்க."

அவருக்கு இது போதுமே. "கேட்டியா? குட்டியே சொல்லிட்டா. அப்புறம் பார்க்கலாம்." தங்கையை அவர் குட்டி என்றுதான் கூப்பிடுவார்.

அப்படியே மாதங்கள் போயின. ஒற்றைக் கோட்டைப் பார்த்து அழுத அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். வர்றதுன்னா வாங்க, வராட்டி போங்க," என்றேன். முதல் தடவை தனியாகத்தான் போனேன். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். சில வாரம் கழித்து வரச் சொல்லி மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு சொல்லக் கூப்பிட்டபோது, வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள் என்றார்கள்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். சுற்றி வளைக்காமல் பேசினாள். அதற்காக அவளை எனக்குப் பிடித்தது.

"உங்க சினைப்பை வேலைய நிறுத்திக்கிட்டு வருதும்மா. பொதுவா ஐம்பது வயசு பக்கத்துல நடக்கிறது, சில பேருக்கு நாப்பதுக்கு முன்னாடியே நடந்துடும். ஏன்னு பெரும்பாலும் தெரியறதில்ல. உங்களுக்கு வர்ற சூடும் இதனாலதான்."

"இல்லையே டாக்டர். மாத்திரைய நிறுத்துற வரைக்கும் மாசாமாசம் கரெக்டா வந்துச்சே?"

"அது மாத்திரை கொண்டுவந்த ரத்தம். அட்டையில கடைசி வரிசையில மருந்து கிடையாது, வெறும் மாத்திரை. மருந்து நின்ன உடனே கொஞ்சம் போகும். அத வெச்சு சினைப்பை வேலை செய்யுதா இல்லையான்னு சொல்ல முடியாது. அட்டையோட வர்ற தாள்லகூட அந்தக் கடைசி வரிசையப் பத்திப் போட்டிருக்கும்."

அந்தத் தாளை நான் எப்போதோ நான்காக மடித்து, எங்கள் சாப்பாட்டு மேசையின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன்.

எனக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருமுறை ஒரு குளிர்சாதன லாரி வந்தது. முகப்பில் மைனஸ் பதினெட்டு என்று பளிச்சென்று எழுத்து எரிகிறது. டிரைவர் அடித்துச் சத்தியம் செய்கிறான். நான் பெட்டியைத் திறந்து கையை விட்டேன். ஐஸ்கிரீம் முழங்கை வரை வழிந்தது. கம்ப்ரஸர் வழியிலேயே நின்றுவிட்டிருக்கிறது, எழுத்து மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. முகப்பை நம்பாதே, கையை விட்டுப் பார் என்று அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்குக் காது புளிக்கச் சொல்லிவருகிறேன். என் விஷயத்தில் மட்டும் நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அப்போ அந்த மாத்திரைதான் கெடுத்துடுச்சா டாக்டர்?"

"இல்ல சார். மாத்திரை எதையும் கெடுக்கல. அது இல்லாட்டியும் இது நடந்திருக்கும். என்ன, முன்னாடியே நிறுத்தியிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும். குழந்தைக்கும் நேரம் இருந்திருக்கலாம்."

அவர் மூச்சை விட்டார். நிஜமாகவே, பெரிய சுமையை இறக்கி வைத்தவர்போல் முதுகைச் சாய்த்து விட்டார். என் பக்கம் திரும்பி, ஆறுதலாகச் சொல்கிறாராம்:

"கேட்டியா? நம்ம மேல தப்பு இல்ல."

டாக்டர் சொன்னதில் முதல் பாதி மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. நம்ம என்கிறார். எனக்கு அந்த மேசை மேலிருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து அவர் மேல் கொட்டவேண்டும்போல் இருந்தது. கொட்டவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

"இனிமே குழந்தை?" என்று நான் கேட்டேன்.

"தானா உண்டாகவே உண்டாகாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரொம்ப ரொம்பக் குறைவு, அத நம்பி இருக்காதீங்க. வேற ஒருத்தரோட கருமுட்டைய வெச்சு முயற்சி பண்ணலாம். ரெண்டு பேரும் பேசி முடிவெடுங்க."

நான் அவரைப் பார்த்தேன். அந்த ஒரு நொடி அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தையெல்லாம் விட்டுவிடத் தயாராக இருந்தேன். அவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

"அப்புறம் பார்க்கலாம் டாக்டர்," என்றார்.

டாக்டர் மருந்துச்சீட்டை எழுதினாள். எலும்பு தேயாமல் இருக்க, இதயத்துக்கு எதுவும் வராமல் இருக்க சினைப்பை சுரக்கிற ஹார்மோன் உடம்புக்கு வேண்டுமாம். அதற்கு மாத்திரை. பல வருஷம் போட வேண்டும். இதிலும் மாதம் ஒருமுறை ரத்தம் வரும்.

"அதே மாத்திரையா?"

"அதே இல்லம்மா. அதுக்கு சொந்தம்னு வெச்சுக்கங்க."

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சிக்னலுக்கும் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது முறை மிதித்தபோது, "கால எடுங்க!" என்று கத்திவிட்டேன். எதிரே ரோட்டைக் கடந்த ஒரு ஆள் பயந்து பின்வாங்கினான். அவர் காலை எடுத்தார்.

மறுநாள் கிடங்கில் அக்கா எனக்கு நாற்காலி போட்டாள். "வேண்டாங்கா, எடுத்துடுங்க," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து பெட்டிகளை நானே தூக்குகிறேன். அவர்களும் பழையபடி முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

புது மாத்திரை நன்றாக வேலை செய்தது. சூடு அடங்கியது, தூக்கம் வந்தது. அட்டை முடிகிற நேரத்தில், சொல்லி வைத்ததுபோல், வலி இல்லாமல், கொஞ்சமாக, ஒழுங்காக ரத்தமும் வந்தது. நாப்கின் வாங்கிவந்து சாப்பாட்டு மேசை மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் அவர் அந்தப் பாக்கெட்டைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் வெளிச்சம்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"பாத்தியா! நான் சொன்னேன்ல? அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்? என்னமோ உலகமே முடிஞ்சிட்ட மாதிரி பேசினா!"

அதற்குள் போனை எடுத்துத் தங்கைக்குப் போட்டுவிட்டார். அவளுக்குக் குழந்தை பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஸ்பீக்கரில் பின்னால் அது அழுவது கேட்டது.

"குட்டி, அண்ணிக்குத் திரும்ப வந்துடுச்சு! எல்லாம் சரியாயிடுச்சு!"

ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் அண்ணன் அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். எந்த மாத்திரை என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் நர்ஸ். குழந்தை மட்டும் அழுதுகொண்டே இருந்தது.

"சரிண்ணா," என்றாள் கடைசியில். "அண்ணிகிட்ட… சரி, நான் அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டாள்.

"புள்ளை அழுவுது, பாவம்," என்று அவர் போனை மேசை மேல் கவிழ்த்தார். தட்டை இழுத்துவைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். நல்ல பசி அவருக்கு.

நான் எதிரே உட்கார்ந்தேன்.

"அது மாத்திரை வரவழைச்ச ரத்தம். என்னோடது நின்னுபோச்சு. டாக்டர் உங்க முன்னாடிதான் சொன்னாங்க."

"ஏன் எப்பப் பாத்தாலும் கெட்டதாவே பேசற? ஒழுங்கா வருதுல்ல? கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"அப்புறம்னு ஒண்ணு இல்லீங்க," என்றேன். "அது முடிஞ்சுபோச்சு. நீங்க அப்புறம் அப்புறம்னு சொல்லிக்கிட்டிருந்தப்பவே முடிஞ்சுபோச்சு. அந்த முட்டை விஷயத்துக்கு நான் திங்கக்கிழமை போய்ப் பேசப்போறேன். நீங்க வருவீங்களா, மாட்டீங்களா? இப்பச் சொல்லுங்க."

அவர் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார். எங்கள் மேசை லேசாக ஆடியது. குனிந்து பார்த்தேன். முட்டுக்கொடுத்த தாள் அப்படியேதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவருடைய வலது கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.